முடிச்சுப் போட்ட வயர்கள்

ஹட்டனிலிருந்து வந்த அந்த எலக்ட்ரீசியனின் பெயரை நான் கேட்கவே இல்லை. ஐம்பது வயதிருக்கும், கம்பளித் தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டிருந்தார். எங்கள் தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்தைக் காயவைக்கும் டிரையரின் பழைய தெர்மோஸ்டாட் கெட்டு, சூடு ஏறிக்கொண்டே போனதால் டிரையரை நிறுத்தியிருந்தோம். அரைத்த கொழுந்து புளித்துப்போகுமுன் புதிய டிஜிட்டல் தெர்மோஸ்டாட்டைப் பொருத்தியாக வேண்டும். கிளார்க்கான நான் டார்ச் பிடித்தேன்.

பழைய வயர்களைக் கழற்றுமுன், அவை மாட்டியிருந்த இடங்களின் வரிசைப்படி ஒவ்வொன்றிலும் நூல் கட்டினார். முதலாவதில் ஒரு முடிச்சு, அடுத்ததில் இரண்டு, அதற்கடுத்ததில் மூன்று.

"கலர்தான் இருக்கே, நூலு எதுக்குங்க?" என்றேன்.

அவர் வாசலை ஒருமுறை பார்த்துக்கொண்டார். "எனக்கு செவப்பும் பச்சையும் ஒண்ணாத்தான் தெரியுங்கய்யா. தொரைகிட்ட சொல்லிராதீங்க. அப்புறம் எந்தத் தோட்டத்துலயும் கூப்புட மாட்டாங்க."

சொல்லவில்லை. ஆனால் எனக்குப் பயம் வந்துவிட்டது. அவர் புதியதை மாட்டும்போது, "பச்சையப் பச்சை அடையாளம் போட்ட எடத்துல குடுங்க" என்று முந்திக்கொண்டேன்.

அவர் முடிச்சைத் தடவிப் பார்த்தார். "பழசுல நீங்க சொல்ற இந்தப் பச்சையிலதாங்க கரண்டு வந்திச்சு. முன்னாடி வந்தவரு கையில கெடச்ச வயரப் போட்டிருக்காரு. நீங்க சொன்னபடி குடுத்தா புதுசு எரிஞ்சிரும்."

முடிச்சுப்படியே மாட்டினார். டிரையர் ஓடியது.

தோட்டத்து மேனேஜரான துரை வந்தார். பழைய வயர் மாற்றிப் போட்டிருந்ததை அவரிடம் சொன்னேன். வயர் மாறியிருந்ததை எப்படிக் கண்டுபிடித்தாய் என்று எலக்ட்ரீசியனிடம் கேட்டார்.

"கிளாக்கர் ஐயா டார்ச்ச நல்லாப் புடிச்சாருங்க."

துரை என் தோளில் தட்டினார். நான் இன்னும் எரிந்துகொண்டிருந்த டார்ச்சை அணைத்தேன்.