பத்துச்சீட்டில் விடுபட்ட பெயர்

போன வருஷம் கனடாவிலிருந்து பேரப்பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு கண்டிக்குப் போயிருந்தோம். மூத்தவனுக்குப் பல்லேகல கிரிக்கெட் மைதானத்தைப் பார்க்க வேண்டும். சின்னவளுக்கு நானும் என் மனைவியும் காதலித்த இடங்களைப் பார்க்க வேண்டும். மைதானத்தை அரை மணித்தியாலத்தில் பார்த்து முடித்து, வத்தேகமைப் பக்கம் வான் வண்டியைத் திருப்பினோம். பன்வில ஏற்றம் தொடங்கியதும் சின்னவள் அந்தக் கதையைச் சொல்லச் சொன்னாள். சொன்னேன். ஐம்பது வருஷமாகச் சொல்லி வருகிற கதை. காதலியின் குடும்பத்தைத் தோட்டத்தை விட்டு விரட்டும் சீட்டைத் தகப்பன் எழுதச் சொன்னார், மகன் துணிந்து அவள் பெயரை மட்டும் விட்டான், அந்தத் தந்திரத்தால் எல்லாரும் தப்பினார்கள். பிள்ளைகள் கை தட்டினார்கள். என் மனைவி யன்னலுக்கு வெளியே தேயிலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் ஒருநாளும் என்னைத் திருத்தியதில்லை. அதனால்தான் இதை நானே எழுத வேண்டியிருக்கிறது. அந்தக் கதையில் வருகிற துணிச்சல் என்னுடையது அல்ல.

என் அப்பா யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, பன்விலப் பக்கத்துத் தோட்டமொன்றில் பெரிய கிளாக்கராக இருந்தார். எங்களுக்கு ஓடு போட்ட வீடு, எனக்குக் கண்டியில் பள்ளிக்கூடம். என் மனைவியின் குடும்பம் லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், ஒரே அறைக் காம்பராவில் இருந்தது. தகப்பன், தாய், அண்ணன், அவள். நாலு பேரும் தோட்டத்தில் பேர் பதிந்து வேலை செய்தவர்கள். அவள் தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு முடித்துவிட்டுக் கொழுந்து எடுக்கப் போனவள்.

தோட்டத்தை நடத்துகிற துரையோ கிளாக்கர் வீட்டாரோ எதிரே வந்தால், தொழிலாளிகள் குடையை மடக்கிப் பாதையோரம் ஒதுங்கி நிற்பது அப்போது வழக்கம். எனக்குப் பத்தொன்பது வயது. ஒரு நாள் நல்ல மழை. எதிரே வந்த அவள் ஒதுங்கினாள், குடையை மடக்கவில்லை. நான் நின்று பார்த்தேன்.

"குடை மழைக்குத்தான் பிடிக்கிறது. ஒங்களுக்கு இல்ல" என்றாள்.

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். சிரிப்பு வந்தது. அப்படித்தான் தொடங்கியது.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் சாமான் வாங்கக் கண்டிக்குப் போவாள். நானும் ஏதாவது சாட்டுச் சொல்லி அதே பஸ்ஸில் ஏறுவேன். தோட்டத்து ரோட்டில் அவள் எனக்குப் பத்தடி பின்னால் வருவாள். பஸ்ஸில் அவள் பின் இருக்கையில், நான் முன்னால். கண்டியில் இறங்கி மார்க்கெட்டைத் தாண்டியதும் பக்கத்தில் வந்துவிடுவாள். வாவியைச் சுற்றி நடப்போம். அங்கே எங்களை யாருக்கும் தெரியாது என்று நினைத்திருந்தோம். அவள் என்னைப் பகிடி பண்ணிக்கொண்டே வருவாள். படித்த பிள்ளைக்கு ரோட்டைக் கடக்கத் தெரியவில்லை என்பாள். கல்யாணம் என்ற சொல்லை முதலில் சொன்னவன் நான்தான். சொல்வதற்கு அப்போது எந்தச் செலவும் இருக்கவில்லை.

ஆறு மாதம் போனது. கண்டியில் துணிக்கடை வைத்திருந்த அப்பாவின் கூட்டாளி ஒருவர் எங்களைக் கண்டு, அவரிடம் சொல்லிவிட்டார். அப்பா அடிக்கவில்லை, சத்தம் போடவும் இல்லை. அடுத்த நாள் காலை என்னை ஒபிசுக்குக் கூட்டிப்போய்க் கதிரையில் இருத்தினார்.

"தம்பி, உன்ர கையெழுத்து வடிவு. நீயே எழுது" என்று பத்துச்சீட்டுத் தாளை எனக்கு முன்னால் வைத்தார்.

வேலையிலிருந்து நிற்பாட்டும்போது தோட்டம் கொடுக்கிற சீட்டுத்தான் பத்துச்சீட்டு. ஒரு குடும்பத்தில் வேலை செய்கிற அத்தனை பேரின் பெயரையும் ஒரே சீட்டில் எழுதுவார்கள். அது கைக்கு வந்தால் வேலையும் இல்லை, காம்பராவும் இல்லை. சட்டி பானையைக் கட்டிக்கொண்டு வேறு தோட்டம் தேட வேண்டியதுதான். அவள் தகப்பன், வேலை வாங்குகிற கங்காணியோடு சண்டை பிடித்தார் என்று அப்பா துரையிடம் ஏற்கெனவே சொல்லி வைத்திருந்தார். அது பொய் என்று எனக்குத் தெரியும்.

நான் எழுதினேன். தகப்பன் பெயர், தாய் பெயர், அண்ணன் பெயர். மூன்றையும் கை நடுங்காமல் எழுதினேன். நாலாவது வரியில் பேனா நின்றுவிட்டது. அந்த நேரம் டெலிபோன் அடித்தது, அப்பா அந்தப் பக்கம் திரும்பினார். நான் மையை ஒற்றிவிட்டு, தாளைத் துரை கையெழுத்துப் போடும் கடிதங்களுக்கு நடுவில் வைத்தேன்.

இதைத்தான் தந்திரம் என்று சொல்லி வந்தேன். தந்திரம் எதுவும் இல்லை. அவள் பெயரை அந்தத் தாளில் என் கையால் எழுதக் கூடாது என்று மட்டும் தோன்றியது. அவளைப் பெற்றவர்கள் நடுத்தெருவில் நிற்கப் போவது எனக்கு உறைக்கவில்லை. என் கை சுத்தமாக இருந்தால் போதும் என்றிருந்தேன். அப்பா எழுதி வைத்ததில் முப்பது வருஷமாகப் பிழை வந்ததில்லை. அதனால் துரை வாசிக்காமலே கையெழுத்துப் போட்டார்.

சீட்டு அன்று பின்னேரம் லயத்துக்குப் போனது. அங்கே நடந்ததை அவள் பிறகு எனக்குச் சொன்னாள். தாய் அழுதுகொண்டே பானைகளைச் சாக்கில் போட்டிருக்கிறார். எங்கள் விஷயம்தான் காரணம் என்று தெரிந்து, அண்ணன் என்னைத் தேடிவந்து அடிப்பதாகக் கிளம்பியிருக்கிறான். அவள்தான் சீட்டை வாங்கி விளக்கடியில் வைத்துப் பார்த்தாள், என் கையெழுத்தென்று கண்டுகொண்டாள். பார்த்துவிட்டு, பானைகளைத் திரும்ப எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறாள். தன் பெயர் இதில் இல்லை, செக்ரோல் என்ற வேலையாள் பதிவில் இருக்கிறது, ஆகவே தான் இன்னும் தோட்டத்து வேலைக்காரி, வேலைக்காரி இருக்கிற காம்பராவை யாரும் பூட்ட முடியாது என்றாளாம். நான் விட்டுப்போன வெறும் வரியிலிருந்து இவ்வளவையும் கண்டுபிடித்தவள் அவள்.

மறுநாள் விடியப் பெரட்டுக் களத்தில், எல்லாரையும் பெயர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற இடத்தில், அவள் கூடையோடு வந்து நின்றாள். அப்பா செக்ரோலுடன் நின்றார். என்னையும் பக்கத்தில் நிறுத்தியிருந்தார். பாடம் படிக்கட்டும் என்று நினைத்திருப்பார். கங்காணி ஒவ்வொருவருக்கும் கொழுந்து எடுக்கிற நிரை சொல்லி மலைக்கு அனுப்பத் தொடங்கினார். அவள் பெயரைத் தாண்டிப் போனார். அவள் நகரவில்லை. அவளுக்குப் பக்கத்தில் நின்ற வயதான பெண் தன் கூடையை இறக்கித் தரையில் வைத்தார். பிறகு இன்னொருவர். கொஞ்ச நேரத்தில் களம் முழுக்கக் கூடைகள்.

"என்னாங்கடி, இன்னைக்குக் கூடைக்கு லீவா?" என்று கங்காணி கேட்டார்.

"கூடைக்கு இல்ல கங்காணி. ஒங்க வாய்க்கு லீவு விட்டா நாங்க மலைக்குப் போறோம்" என்றார் அந்த வயதான பெண்.

நல்ல மழைக்குப் பிறகு கொழுந்து பொங்கி நின்ற நேரம் அது. ஒரு நாள் விட்டாலும் இலை முற்றிப்போகும். மோட்டார் சைக்கிளில் துரை வந்தார். என்ன விஷயம் என்று கங்காணியைக் கேட்டார். பதில் சொன்னவள் அவள்.

"தொரை, என் பேரு செக்ரோல்ல இருக்கு. சீட்டுல இல்ல. எனக்கு நிரை குடுங்க."

துரை செக்ரோலைப் பார்த்தார். அவள் நீட்டிய சீட்டையும் பார்த்தார். பிறகு அப்பா பக்கம் திரும்பி இதை யார் எழுதினது என்று கேட்டார். நான் ஒரு கை எட்டும் தூரத்தில் நின்றேன். வாய் திறக்கவில்லை.

"என்ர பிழை, சேர்" என்றார் அப்பா.

அத்தனை பேருக்கும் முன்னால் துரை அவரை ஏசினார். சண்டை பிடித்தது உண்மையா என்று கங்காணியைக் கேட்டார். கங்காணி தரையைப் பார்த்தார். துரைக்கு விளங்கிவிட்டது. சீட்டை இரண்டாகக் கிழித்து, நாலு பேரும் வேலைக்குப் போகலாம் என்று சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளை உதைத்தார்.

பெண்கள் கூடைகளைத் தூக்கினார்கள். அன்றைக்கு மலை ஏறிய அந்த வரிசையைப் போல ஒன்றை நான் பிறகு எந்த நாட்டிலும் பார்க்கவில்லை. சிரிப்பும் பாட்டுமாகப் போனார்கள். அவள் என்னைக் கடக்கும்போது ஒரு கணம் நின்றாள்.

"எழுதுனா முழுசா எழுதணும். இல்லாட்டி எழுதவே கூடாது."

என் அப்பாவிடம் நான் அதன் பிறகு மன்னிப்புக் கேட்கவில்லை. அவரும் அந்தக் காலையைப் பற்றி ஒரு சொல் பேசாமலே கண்ணை மூடினார். அவர் செய்தது அநியாயம்தான். ஆனாலும் என் பிழையைத் தன் பிழை என்று அவர் சொன்னபோது நான் சும்மா நின்றேன். அந்தக் கணக்கு எனக்குள் இன்னும் தீரவில்லை.

இரண்டு கிழமை கழித்து ஒரு ஞாயிறு பகலில், எல்லாரும் பார்க்க லயத்துக்கு நடந்து போனேன். போகிறதென்றால் திரும்பி வராதே என்று அப்பா சொல்லியிருந்தார். காம்பராவில் இருந்த பலகையில் என்னை உட்காரச் சொன்னார்கள். சீட்டை எழுதியது நான்தான் என்று முதலில் சொன்னேன். பிறகு பெண் கேட்டேன். வாசலில் லயம் முழுக்கத் திரண்டிருந்தது. அண்ணன் எழுந்து என் பக்கம் வந்தான். தகப்பன் கை காட்டி அவனை இருத்தினார்.

"இந்தக் காம்பராவக் காப்பாத்துனது அவ. அவளையே கேளுங்க தம்பி" என்றார்.

அவள் அடுப்படியிலிருந்து திரும்பிக்கூடப் பார்க்காமல், யோசித்துச் சொல்வதாகச் சொன்னாள். வாசலில் நின்றவர்கள் சிரித்த சிரிப்பில் நானும் சேர்ந்துகொண்டேன்.

ஒரு மாதம் யோசித்தாள். அதற்குள் நான் பிலிமத்தலாவையில் ஒரு கடையில் எழுத்து வேலை தேடிக்கொண்டு, அங்கேயே ஓர் அறையில் தங்கினேன். ஞாயிறு தவறாமல் இரண்டு பஸ் மாறி லயத்துக்குப் போனேன். ஐந்தாவது ஞாயிறு சரி என்றாள்.

தோட்டத்து மாரியம்மன் கோயிலில் தாலி கட்டினேன். தப்புப் பறை அடித்து எங்களை லயத்துக்கு அழைத்துப்போனார்கள். பாதை என் பெற்றோர் வீட்டைத் தாண்டித்தான் போகும். உத்தியோகத்தர் வீடுகளுக்கு முன்னால் தப்பை நிறுத்திவிட்டு, தாண்டிய பிறகு அடிப்பதுதான் தோட்டத்து முறை. அடிக்கிறவர் அந்த வளைவில் குச்சியைத் தாழ்த்திக்கொண்டு எங்களைத் திரும்பிப் பார்த்தார். நான் அவளைப் பார்த்தேன்.

"அது என் மாமியா வீடு. நல்லா அடிங்கண்ணே" என்றாள் அவள்.

அடித்தார்கள். பெண்கள் குலவை போட்டார்கள். யன்னல் சாத்தியிருந்தது, ஆனால் கதவைத் திறந்துகொண்டு அம்மா படியில் வந்து நின்றார். எங்கள் கடைசி ஆள் அந்த வளைவைத் தாண்டும் வரை அவர் உள்ளே போகவில்லை.