வளைவில் சாயாத கார்

கார் சஸ்பென்ஷன் வேலையில் ஒரு வசதி: வாடிக்கையாளர் குறையை வாயால் சொல்லமாட்டார், ஆடிக் காட்டுவார். மட்டாஞ்சேரியில் ஒர்க்‌ஷாப் வைத்த நாளிலிருந்து ஒடிந்து, நெளிந்து, குலுங்கிக் காட்டிய எத்தனையோ பேரைப் பார்த்துவிட்டேன். கார் வைத்திருக்கும் நீங்களும் ஏதாவது ஒரு மெக்கானிக் முன்னால் ஆடியிருப்பீர்கள். வெட்கப்பட வேண்டாம். இது ஒரே ஒரு காரின் கதை.

சாய்ந்து நின்றவர்

சிவராமன் இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழர். யூதர் தெருவான ஜூ டவுனில் ஒரு மசாலாக் கடையில் மேனேஜர். என் வாசலில் வந்து இரண்டு கையையும் ஸ்டியரிங் பிடிப்பதுபோல் வைத்துக்கொண்டு, சுவரில் முட்டும் அளவுக்கு இடதுபக்கம் சாய்ந்தார். வளைவில் அவருடைய கார் இப்படித்தான் சாய்கிறதாம்.

அவர் மனைவி பிரீதாவுக்கு ஊர் மூணாறு. அடுத்த மாதம் அங்கே தங்கைக்குக் கல்யாணம். போன தடவை மலை ஏறும்போது மூன்று இடத்தில் நிறுத்தி வாந்தி எடுத்தவர், இனி இந்தக் காரில் ஏறமாட்டேன், கல்யாணத்துக்கு பஸ்ஸில் போய்க்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டார். மாமனார் வீட்டு வாசலில் தனியாகப் போய் இறங்க வேண்டுமே என்ற கவலை சிவராமன் முகத்தில் தெரிந்தது.

"குழப்பம் வண்டிக்குத்தான் சேட்டா, அவளுக்கில்லை. நல்லா தடிச்ச கம்பி ஒண்ணு போட்டுத் தாங்க." குழப்பம் என்றால் மலையாளத்தில் கோளாறு.

ரப்பர்

அவர் சொன்ன கம்பி ஸ்டெபிலைசர் பார். இடது சக்கரத்தையும் வலது சக்கரத்தையும் காருக்கு அடியில் குறுக்காகப் பிணைத்து, வளைவில் வண்டியின் உடம்பு சாயாமல் இழுத்துப் பிடிப்பது. அடியில் போய்ப் பார்த்தால், அதைத் தாங்கும் ரப்பர் புஷ் இரண்டும் தேய்ந்து கம்பி கொழகொழவென்று ஆடிக்கொண்டிருந்தது. கம்பி என்ன செய்யும், பாவம். புது புஷ்ஷும், கம்பியைச் சக்கரத்தோடு இணைக்கும் புது லிங்க் ராடும் மாட்டி, முதலில் ஓட்டிப் பாருங்கள் என்றேன்.

ஆலுவா வரை போய்வந்தார். சாய்வு பாதி குறைந்திருந்தது. அதை ஒத்துக்கொண்டார், ஆனால் முகத்தில் சந்தோஷம் இல்லை.

"சரியாயிருக்கு சேட்டா. ஆனா ஃப்ரெண்ட்ஸ் குனிஞ்சு பார்த்தா காட்டுறதுக்கு அடியில ஒண்ணும் இல்லையே!"

முருங்கைக்காய்

அடுத்த வாரம் மறுபடியும் வந்தார். என்னிடமிருந்த கம்பிகளை சந்தையில் முருங்கைக்காய் பொறுக்குவதுபோல் ஒவ்வொன்றாக விரலால் பிடித்துப் பார்த்து, இருப்பதிலேயே தடித்ததை எடுத்தார். இந்த விஷயத்தில் கண்ணை நம்பக் கூடாது. நகத்தளவு தடித்தாலே விறைப்பு எக்கச்சக்கமாக ஏறிவிடும். முன்னால் மட்டும் விறைத்தால் வண்டி திரும்ப அடம்பிடிக்கும், பின்னால் மட்டும் விறைத்தால் மழையில் வால் தனியாகப் போகும். இதையெல்லாம் தொண்டை வற்றச் சொல்லி, முன்னும் பின்னும் ஒரு சைஸ் மட்டும் கூட்டுவது என்று பேசி முடித்து, அப்படியே மாட்டினேன்.

என்னிடம் ஒரு வழக்கம் உண்டு. டெஸ்ட் டிரைவில் காரைப் பற்றிப் புகார் சொன்னவரைத்தான் உட்காரவைப்பேன். பிரீதா பின்சீட்டில் ஏறினார். கொச்சங்காடியில் லாரிகள் தோண்டிப் போட்டிருக்கும் ரோட்டில் ஓட்டினேன். இரண்டு சக்கரமும் இறுகப் பிணைந்திருப்பதால், ஒன்று குழியில் இறங்கினால் மற்றதையும் உலுக்கிவிடும். கண்ணாடியில் அவர் தலை ஆடுவதைப் பார்க்க எனக்கே சங்கடமாக இருந்தது.

"முன்னாடி வளைவுலதான் தலை சுத்தும் அண்ணே. இப்ப நேர் ரோட்டுலயும் ஆடுது."

அடிமாலி

நல்ல ரோட்டில் அந்தக் குலுக்கல் இருக்காது, மலைப்பாதை நன்றாகத்தான் இருக்கிறது, ஒத்திகையாக ஒருமுறை போய்வாருங்கள் என்றேன். போனார்கள். திரும்பி வந்தவர் சிவராமன் மட்டும். பிரீதா மலைப்பாதையில் அடிமாலியிலேயே இறங்கி, கொச்சிக்கு பஸ் ஏறிவிட்டாராம்.

நான் மாட்டிய கம்பியால் ஒரு குடும்பம் பாதி வழியில் பிரிந்திருக்கிறது! லிஃப்டில் தூக்கி ஒவ்வொரு போல்ட்டையும் பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தது. வளைவில் சாய்ந்ததா என்று கேட்டேன். மனைவி இறங்கிப்போன துக்கத்தையும் மறந்து அவர் முகம் மலர்ந்தது.

"சாயவே இல்லை சேட்டா! எத்தர ஸ்பீடுல ஒடிச்சாலும் வண்டி அப்படியே நிக்குது!"

பழைய கம்பி

கல்யாணத்துக்கு நாலு நாள் முன்னால் பிரீதாவே வந்தார். சிவராமனைப் பேசவிடாமல் காருக்குப் பக்கத்தில் நிறுத்திவைத்தார். கழற்றிப்போட்ட பழைய கம்பி இருக்கிறதா என்று கேட்டார். இருந்தது. புஷ் புதிதாகவே இருக்கட்டும், கம்பி மட்டும் பழையது போதும் என்றார். எனக்குக் கொஞ்சம் ரோஷம். என் வேலையில் குறையில்லையே, கார் கொஞ்சம்கூடச் சாயவில்லை என்று உங்கள் வீட்டுக்காரரே சொல்கிறாரே என்றேன்.

"அதுதான் அண்ணே குறை. வண்டி சாஞ்சாத்தான் இவருக்குப் பயம் வரும், பயம் வந்தாத்தான் மெதுவாப் போவாரு."

அந்தக் கல்யாணத்துக்கு இருவரும் பழைய கம்பியோடு அதே காரில் போய்வந்தார்கள். கம்பி எந்த சைஸில் கேட்டாலும் நான் தருவேன், ஓட்டுகிறவரின் வலது காலைக் கழற்றி மாட்டும் வசதிதான் எங்கள் தொழிலில் இன்னும் வரவில்லை.