அம்மா விழுங்கிய ரேடியோ

அந்த மாத்திரையை விழுங்கும்போது அம்மா கண்ணை இறுக மூடிக்கொண்டாள். பேரீச்சங்கொட்டை அளவில், வெள்ளையாக, பளபளப்பாக இருந்தது அது. மூன்று முறை தொண்டை வரை போய்த் திரும்பி, நான்காம் முறை ஒரு தம்ளர் தண்ணீரோடு உள்ளே இறங்கியது. "போயிருச்சா?" என்று அவள் கேட்டது என்னைத்தான், டாக்டரை அல்ல.

அறுபதுகளின் கடைசி அது. ஆசிரியப் பயிற்சி முடித்து, நிலக்கோட்டைப் பக்கம் எங்கள் ஊருக்கு அடுத்த ஊர்ப் பள்ளியில் நான் டீச்சராகச் சேர்ந்த வருடம். எங்கள் வம்சத்தில் கையெழுத்துப் போடத் தெரிந்த முதல் ஆள் நான். அப்பா இல்லை. அம்மாவும் நானும், அரைக் குறுக்கம் மல்லிகைத் தோட்டமும்தான். அந்த வருடம் அம்மாவுக்குச் சாப்பிட்டது இறங்கவில்லை. காலையில் தின்ற சோறு சாயங்காலம் அப்படியே வாந்தியாக வந்தது. ரவிக்கை தோளில் நிற்காத அளவுக்கு இளைத்துப் போனாள்.

வைத்தியர், வேப்பிலை எல்லாம் பார்த்தாயிற்று. கடைசியில் திண்டுக்கல்லில் ஒரு ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிப்போனேன். அங்கிருந்த டாக்டர் வெளிநாட்டில் படித்தவர். வரும்போது ஆராய்ச்சிக்காக அந்த மாத்திரைகளில் நாலைந்து கொண்டுவந்திருந்தார். உள்ளே ஒரு சின்ன ரேடியோ. இரைப்பை எவ்வளவு பலமாகப் பிசைகிறது என்று அது சொல்ல, வெளியே இருக்கும் பெட்டியின் முள் தாளில் கோடு கிழிக்கும். எனக்கு இங்கிலீஷ் தெரிந்ததால் டாக்டர் என்னை அருகே நிறுத்திக் காட்டினார். மலை மலையாக எழும்ப வேண்டிய கோடு, கோடைக் குளத்துத் தண்ணீர்போல் அசையாமல் கிடந்தது.

மறுநாள் பெட்டி மௌனமானது. மாத்திரையின் பாட்டரி அவ்வளவுதான் தாங்குமாம்.

"வெறும் அசைவு மந்தமா, வழியிலே அடைப்பு இருக்கான்னு இதுல முடிவு பண்ண முடியலம்மா," என்றார் டாக்டர். "மாத்திரை தானா வெளியே வந்துட்டா அடைப்பு இல்லை, மருந்து போதும். அஞ்சு நாள்ல வரலைன்னா ஆபரேஷன்தான். வீட்டுக்குப் போங்க. தினமும் வெளிக்குக் கிண்ணத்திலே இருக்கச் சொல்லிப் பாருங்க. என்னைக்கு வந்ததுன்னு குறிச்சுக்கிட்டு, மாத்திரையையும் கொண்டுவாங்க."

"நான் பார்த்துக்கிறேன் சார்," என்றேன்.

அதோடு நின்றிருக்கலாம். பூ எடை போடுகிற இடத்தில், எங்கள் அம்மா வயிற்றுக்குள் ரேடியோ வைத்துப் பார்க்கிறார்கள் என்று ஊருக்கே பாடம் நடத்திவிட்டேன். அதற்குப் பிறகு பக்கத்து வீட்டு அத்தை விடவில்லை.

"என்ன மதினி, ரேடியோ பாடுதா? நாடகம் போட்டா எங்களையும் கூப்புடு."

"பசி எடுத்தா மட்டும் பாடும். போயி சோலியப் பாரு," என்பாள் அம்மா.

முதல் நாள் வரவில்லை. இரண்டாம் நாளும் இல்லை. தென்னங்கீற்று மறைப்புக்குள் ஒரு எனாமல் கிண்ணம் வைத்திருந்தேன். நான் பள்ளியிலிருந்து வந்ததும் வாசலிலேயே அம்மா இல்லையென்று தலையை ஆட்டிவிடுவாள். அன்று ராத்திரி உண்ட கஞ்சியும் வெளியே வந்தது. வகுப்பில் பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்லச் சொல்ல, நான் மனதுக்குள் நாட்களை எண்ணிக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் சாயங்காலம் அம்மா, "வந்துருச்சுத்தா," என்றாள்.

எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. நாட்குறிப்பை விரித்துப் பேனாவைத் திறந்தேன்.

"எங்கம்மா அது?"

"அது எதுக்கு இனிமே? கழுவி ஊத்திட்டேன்."

"டாக்டர் கேட்டாரேம்மா! பார்த்தியா நல்லா? எப்படி இருந்துச்சு?"

"எப்புடி இருக்கும்? புளியங்கொட்டையாட்டம், கருப்பா."

எழுதப் போன கை நின்றது. குடலுக்குள் கிடந்தால் கறுத்துவிடுமோ? இருக்கலாம். எழுதிவிட்டால் கத்தி இல்லை. நாளைக்கே மருந்து வாங்கி வந்துவிடலாம். ஆனால் அது உள்ளேயே சிக்கிக்கிடந்தால்? நான் எழுதிய ஒரு வரியே அவளைக் கொன்றுவிடும்.

"அது வெள்ளைம்மா," என்றேன்.

பூக்கட்ட வாழைநார் கிழித்துக்கொண்டிருந்த அம்மா அதை மடியில் போட்டாள்.

"ஒரு நாளும் அந்தக் கிண்ணத்தத் தொடலத்தா. சாமிக்குப் போற பூவு கொட்டிக் கெடக்குற வீடு. அதுக்குப் பக்கத்துலயே எப்புடி உக்காருவேன்? விடியமுன்ன பொம்பளைக கூப்புடுறாளுக, அவளுகளோட ஓடைக்குப் போயிட்டு வந்தேன். இருட்டுல என்னத்தக் கண்டேன்."

"அப்புறம் ஏம்மா வந்துருச்சுன்னு சொன்னே?"

"நீதான ஊரெல்லாம் சொல்லிட்டு வந்த. நாளைக்கு வயித்தக் கிழிச்சு நான் போயிட்டா, படிச்சவ பேச்சக் கேட்டுச் செத்தாள்னு உன்னயத்தான பேசுவாளுக? நா இல்லாம நீ ஒத்தையில இந்த ஊர்ல இருக்க வேணாமா?"

எனக்குக் கோபம்தான் வந்தது. அழுகை அதற்குப் பிறகு.

மறுநாள் லீவு சொல்லிவிட்டு முதல் பஸ்ஸில் ஏறினோம். அம்மா வழியெல்லாம் முந்தானையால் வயிற்றைப் பொத்திக்கொண்டே வந்தாள். டாக்டரிடம், எங்களுக்கு எதுவும் தெரியாது, கிண்ணத்தில் பார்க்கவே இல்லை என்று நானே சொன்னேன்.

"படிச்ச பொண்ணு, பார்த்துக்கிறேன்னு சொன்னீங்களே!" என்றார் அவர்.

அப்படி ஒரு வார்த்தை கேட்டு நான் தலை குனிந்தது அதுவே முதல் தடவை.

எக்ஸ்ரே எடுத்தார்கள். படத்தைக் கழுவி எடுக்கும்வரை அம்மாவை ஒரு பெஞ்சில் படுக்க வைத்திருந்தார்கள். அவள் பக்கம் திரும்பாமல் நின்றேன். டாக்டர் சொட்டச் சொட்ட ஈரமான படத்தோடு வெளியே வந்து ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். முதுகெலும்பு தெரிந்தது, இடுப்பெலும்பு தெரிந்தது. மேலிருந்து கீழ்வரை அவர் விரல் போன வழியே என் கண்ணும் போனது. மறுபடி மேலிருந்து தொடங்கினார்.

"வயித்திலே ஒண்ணும் இல்லை. போயிடுச்சு," என்றார். "அடைப்பு இல்லை. ஆபரேஷன் வேண்டாம். மெதுவா அசையுது, அவ்வளவுதான். மருந்து எழுதித் தர்றேன், கொஞ்சம் கொஞ்சமா சாப்பிடச் சொல்லுங்க." பிறகு பெருமூச்சோடு, "என் மாத்திரைதான் போச்சு," என்றார்.

"வெளியே வந்தது எந்த நாள்னு போடட்டும்?" என்று நர்ஸ் கேட்டாள்.

"தெரியாதுன்னு போடுங்க," என்றேன்.

அம்மா பெஞ்சைவிட்டு எழுந்து சேலையைச் சரிசெய்துகொண்டாள். டாக்டர் அந்தப் பக்கம் போகும்வரை காத்திருந்து, என் காதோரம் வந்தாள்.

"அப்ப நா சொன்னது பொய்யில்லையேத்தா?"

"கலரு மட்டும் தப்பு," என்றேன்.