நோட்டில் இருந்த அக்கா

புந்தோங்கில் நான் கவுண்டரில் உட்காரும் கிளினிக்கில், பாக்கிக் கணக்கெல்லாம் ஒரு சின்ன 555 மார்க் நோட்டில்தான் இருந்தது. போன வருடம் கம்ப்யூட்டர் வந்தது. பாக்கியை அதில் ஏற்றச் சொன்னார் டாக்டர். உட்கார்ந்தால், எடுத்த எடுப்பிலேயே அது பேரைக் கேட்டது.

எனக்குப் பேர் எங்கே தெரியும்? வருகிறவர்களை அண்ணே, அக்கா என்றே கூப்பிட்டுப் பழக்கம். மூத்தவர்களிடம் மூஞ்சிக்கு நேரே பேர் கேட்க வாய் வராது. அதனால் "பச்சை வேன் அண்ணே, 30", "இருமல் அக்கா, 25", "இன்னொரு இருமல் அக்கா, 40" என்று எழுதி வைத்திருந்தேன். நோயாளி அட்டையில் பேர் இருக்கும்தான். எந்த அட்டை எந்த இருமலுக்கு என்று யார் கண்டது? என் லீவு நாட்களில் மருந்து எடுத்துக் கொடுக்கும் சீனப் பெண் எழுதுவாள், ஆங்கில எழுத்தில்.

டாக்டர் நோட்டைப் புரட்டினார். "ஏம்மா, இதுல பேரோட ஒரு மனுசன்கூட இல்லையா? மாசக் கடைசிக்குள்ள வராத பாக்கிய உன் சம்பளத்துலதான் கழிப்பேன்."

அந்த மாதம் மோட்டார் சைக்கிளுக்கு ரோட் டேக்ஸ் வேறு கட்ட வேண்டும். கோயில் வாட்சாப் குரூப்பில் குரல் செய்தி போட்டேன்: "அக்கா, கிளினிக்லேருந்து பேசுறேன். பாக்கி இருக்கு, வந்து கட்டிட்டுப் போங்க லா."

எந்த அக்கா என்று சொல்லவில்லை. தெரிந்தால்தானே சொல்ல?

மறுநாள் கவுண்டரில் அக்காமார் கூட்டம். பாதிப் பேர் சண்டைக்கு வந்தவர்கள்.

"நான் ஒரு காசு பாக்கி வச்சதில்ல! குரூப்புல போட்டு என் மானத்த வாங்கிட்டியே!" என்றார் ஒருவர். பச்சை வேன் அண்ணனை அவர் மனைவி கையோடு இழுத்து வந்தார். "இன்னொரு இருமல் அக்கா" இருமிக்கொண்டே நாற்பது வெள்ளியை நீட்டியபோது, எனக்குக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது.

மாதக் கடைசியில் ஒன்றே ஒன்று மிஞ்சியது. ஆங்கில எழுத்தில் வெறும் "அக்கா, 60". அறுபது வெள்ளியை விழுங்கிவிட்டு கல் மாதிரி உட்கார்ந்திருக்கிறாளே, இவள் விளங்குவாளா என்று மூன்று நாள் திட்டித் தீர்த்தேன். பிறகுதான் சீனப் பெண்ணிடம் நோட்டைக் காட்டி, யார் இந்த அக்கா என்று மலாய் மொழியில் கேட்டேன்.

அவளுக்குத் தெரிந்த தமிழே ஒரு வார்த்தைதான். "அக்கா," என்று சொல்லி என் முழங்காலைத் தொட்டுக் காட்டினாள்.

லீவு நாளில் வந்து, சம்பளம் வந்ததும் கட்டுகிறேன் என்று சொல்லி முட்டி வலி மாத்திரை வாங்கிப் போனது நான்தான்; அதை மறந்தே போயிருந்தேன்.

டாக்டர் சிரித்துக்கொண்டே, சொன்னபடி அறுபது வெள்ளியைச் சம்பளத்தில் கழித்துக்கொண்டார். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது. அந்தக் கணக்கையும் ஏற்றிவிடலாம் என்று உட்கார்ந்தேன். கம்ப்யூட்டர் பேரைக் கேட்டது. இந்தத் தடவை தெரிந்திருந்தது.