எங்கள் வீட்டுப் பயணப் படிவம்

வெளியே கிளம்புகிறவரிடம் எங்கே போகிறீர்கள் என்று கேட்கக் கூடாது. கேட்டால் போகிற காரியம் விளங்காது. தென்காசியில் பிறந்து வளர்ந்த எனக்கு இது தெரியாததல்ல. இருந்தும், மக்கள் எதற்காக, எதில், எவ்வளவு தூரம் பயணம் செய்கிறார்கள் என்று கண்டறிவதற்காக நான் தயாரித்த படிவத்தின் முதல் கேள்வி, "தாங்கள் இப்போது எங்கே செல்கிறீர்கள்?" என்பதுதான். சென்னையில் ஏ.சி. அறையில் உட்கார்ந்து எழுதியது. அங்கே யாரும் யாரையும் எதுவும் கேட்பதில்லை. அதனால் கேட்கக் கூடாதது என்று ஒன்று இருப்பதே மறந்துபோகிறது.

என் வேலை இதுதான். போக்குவரத்துத் திட்டங்கள் போடும் ஒரு நிறுவனத்துக்காகக் கேள்விகள் தயாரிப்பேன், ஆட்களை வைத்துக் கேட்க வைப்பேன், வந்த பதில்களைக் கணினியில் ஏற்றிக் கூட்டிக் கழித்து அறிக்கை எழுதுவேன். தென்காசி, குற்றாலம் பகுதிக்கான வேலை வந்தபோது, ஊர்க்காரி என்பதால் என் தலையில் கட்டினார்கள். நானும் வீட்டுச் சாப்பாட்டுக்கு ஆசைப்பட்டுச் சரி என்றேன்.

வெள்ளோட்டம் தென்காசி பேருந்து நிலையத்தில் நடந்தது. கல்லூரி மாணவிகள் நான்கு பேர், கழுத்தில் அட்டை, கையில் படிவம். முதலில் மாட்டியவர் சிவகிரிக்குப் பத்திரம் பதியப் போய்க்கொண்டிருந்தார். அது பிறகுதான் தெரிந்தது. கேள்வியைக் கேட்டதும் அவர் படியில் வைத்த காலைக் கீழே எடுத்தார்.

"ஏட்டி, காரியமாக் கெளம்புத ஆளுகிட்ட எங்க போறியன்னு கேக்கியே, வெளங்குமா?"

பேருந்தை விட்டுவிட்டார். பெஞ்சில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தார். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து, புதிதாகக் கிளம்புகிற மாதிரி அடுத்த பேருந்தை நோக்கி நடந்தார். அந்தப் பெண் விடாமல் பின்னால் போய் இரண்டாம் கேள்வியைக் கேட்டாள். அவர் மறுபடி வந்து உட்கார்ந்தார். எங்கள் ஆய்வினால் ஒரு பயணியின் காத்திருப்பு நேரம் நாற்பது நிமிடம் கூடியதை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று அவள் என்னிடம் கேட்டாள். அதற்குக் கட்டம் இல்லை.

கேள்வியை மாற்றினேன். "எங்கிருந்து வருகிறீர்கள்?" வந்து சேர்ந்தவரிடம் கேட்பதில் குற்றமில்லை. வந்து இறங்குகிறவர்கள் அதிகமுள்ள இடம் என்று குற்றாலத்துக்குப் போனோம். நல்ல சீசன். அங்கே பயணத்தின் நோக்கம் என்ற கேள்விக்கு எல்லோரும் ஒரே பதிலைச் சொன்னார்கள், அதையும் தலையில் எண்ணெய் வழிய, இடுப்பில் துண்டோடு நின்று சொன்னார்கள். இது கூடவா கேட்பாய் என்ற பார்வை வேறு. சாரலில் படிவங்கள் ஊறி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. மொத்தக் கட்டையும் வீட்டு மொட்டைமாடியில் காயவைத்தேன். அம்மா பக்கத்தில் வற்றல் போட்டிருந்தாள். வற்றல் காய்ந்தது.

ஆகவே நிலையங்களில் நின்று கேட்பதை விட்டுவிட்டு வீடு வீடாகக் குறிப்பேடு கொடுப்பது என்று முடிவாயிற்று. ஒரு வாரம், வீட்டிலுள்ள ஒவ்வொருவரும் போன இடம், புறப்பட்ட நேரம், சேர்ந்த நேரம், நோக்கம் எல்லாவற்றையும் தாங்களே எழுத வேண்டும். ஊருக்குக் கொடுக்கும் முன் சொந்த வீட்டில் சோதித்துப் பார்த்தால் செலவில்லை. எங்கள் வீட்டில் நாங்கள் மூன்று பேர்: அப்பா, அம்மா, நான்.

நான்காவது ஆள் ஆலங்குளத்தில் இருந்தான். என் அண்ணன். இரண்டு வருடம் முன்பு வேறு சாதிப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டு அங்கே குடிபோனான். அன்றைக்கு அப்பா வாசலில் நின்று, "இனிமே இந்த வீட்டுல இருந்து ஒரு ஆளு அங்க காலு வைக்கக் கூடாது" என்று சொன்னார். எதிர்வீடுவரை கேட்டது. பிறகு அண்ணனுக்குக் குழந்தை பிறந்தது. அம்மா அதை என் செல்போனில் மட்டும் பார்த்திருக்கிறாள். படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கி, கடைசியில் ஒரு காது மட்டும் தெரியும் வரை பார்ப்பாள். எனக்கு அதைப் பார்க்கப் பொறுக்காது. போனைப் பிடுங்கி வைத்துவிடுவேன்.

நான் போகாமலில்லை. இந்த வேலைக்காக ஊருக்கு வந்ததிலிருந்து மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கள ஆய்வு என்று சொல்லிவிட்டு ஆலங்குளம் பேருந்தில் ஏறிவிடுவேன். அம்மாவைக் கூட்டிப்போகத் துணிந்ததில்லை. ஒரு தடவை கேட்டேன். "அவுக சொல்லாம எப்பிடிட்டி" என்று சொல்லிவிட்டு மாவாட்டப் போய்விட்டாள்.

குறிப்பேடு வாரம் முடிந்தது. அம்மாவின் தாள் ஏழு நாளும் காலி. ரேஷன் கடை, பூக்கடை, கோயில், மாவு மில், பால் பூத் என்று அவள் நடந்த நடைக்குக் கணக்கில்லை. ஆனால் பத்து நிமிடத்துக்குக் குறைந்த நடை பயணம் ஆகாது என்று நானே விதி எழுதியிருந்தேன்.

"அப்ப நான் நடந்ததெல்லாம் நடக்கலயா?" என்று கேட்டாள்.

"ஆய்வுல இல்லம்மா" என்றேன். விதியை ஐந்து நிமிடமாகக் குறைத்தேன்.

அப்பாவின் தாள் அடைத்து எழுதப்பட்டிருந்தது. அப்பா ஓய்வுபெற்ற போலீஸ்காரர், அதிலும் ஸ்டேஷன் ரைட்டர். துப்பாக்கி பிடித்ததைவிடப் பேனா பிடித்ததே அதிகம். ஸ்டேஷனில் யார் வந்தார், எத்தனை மணிக்கு வந்தார், எதற்கு வந்தார் என்று முப்பது வருடம் நாட்குறிப்பு எழுதிய கை. ஒரு படிவத்தைக் கொடுத்தால் அதில் கட்டத்தைக் காலியாக விடவும் வராது, இல்லாததை எழுதவும் வராது. தாளைக் கொடுக்கும்போது ஒன்று மட்டும் கேட்டார்: "இது யாருட்டயும் போவாதுல்லா?"

"போகாதுப்பா" என்றேன். தாளின் தலைப்பிலேயே அப்படித்தான் அச்சடித்திருந்தது. தாங்கள் தரும் தகவல் ஆய்வைத் தவிர வேறெதற்கும் பயன்படுத்தப்படாது, வேறெவருக்கும் தெரிவிக்கப்படாது. என் சொந்த வாக்கியம்.

செவ்வாய்க்கிழமைக் கட்டத்தில் இப்படி இருந்தது: மணி 9.40, வீட்டிலிருந்து புறப்பாடு. பேருந்து. மணி 10.55, ஆலங்குளம், மகன் வீடு. நோக்கம்: உறவினரைப் பார்த்தல். குறிப்பு: குழந்தைக்குத் தடுப்பூசி, உடன் இருந்தேன். மணி 1.15, திரும்புகை. வெள்ளிக்கிழமையும் அதே. குறிப்பு: குழந்தை நலம்.

நான் இரண்டு தடவை படித்தேன். வாரத்தில் இரண்டு நாள் அப்பா தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு கிளம்புவது எனக்குத் தெரியும். கிளம்புகிறவரை எங்கே என்று கேட்பதில்லையே, அதனால் யாரும் கேட்டதில்லை. கோபம் தலைக்கேறியது. எதிர்வீடுவரை கேட்கும்படி தடை போட்ட மனிதர் தான் மட்டும் போய்க் கொஞ்சிவிட்டு வருகிறார். அண்ணனும் ஒரு வார்த்தை சொல்லவில்லை, கள்ளன். செவ்வாய், வெள்ளி அப்பாவுக்கு, ஞாயிறு எனக்கு என்று அழகாகப் பிரித்து வைத்திருக்கிறான். போகாமல் இருப்பது அம்மா ஒருத்திதான்.

பிறகு என் தாளைப் பார்த்தேன். அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை நானும் போயிருந்தேன். ஆலங்குளம், நோக்கம்: அலுவலகப் பணி. மூன்று தாள்களில் பொய் எழுதியிருந்தது ஒன்றில்தான், அது படிவத்தைத் தயாரித்தவளுடையது.

அம்மாவிடம் சொல்லலாமா என்று நான்கு நாள் அலைந்தேன். சொன்னால் அப்பாவுக்குக் கொடுத்த வாக்கு போகும். அவர் எழுதியதே அந்த வாக்கை நம்பித்தான். அப்பாவிடம் நேரே கேட்கலாமென்றால், படிவத்தில் படித்ததை வைத்துக் கேட்பதும் அதே துரோகம்தான். வேறு வீடாக இருந்தால் இந்த நேரத்துக்கு எண் போட்டுக் கோப்பில் வைத்திருப்பேன்.

ஆகவே எனக்குத் தெரிந்த ஒரே வேலையைச் செய்தேன். படிவத்தில் ஒரு கேள்வியைச் சேர்த்தேன். "தாங்கள் போக விரும்பியும் போக முடியாத இடம் ஏதேனும் உண்டா? காரணம் என்ன?" போன பயணங்களை மட்டும் எண்ணினால், போக முடியாதவர்கள் எல்லோரும் போக விருப்பமில்லாதவர்களாகக் கணக்கில் வந்துவிடுவார்கள் என்று அலுவலகத்துக்கு விளக்கம் எழுதினேன். நல்ல யோசனை என்று பதில் வந்தது. நிஜமாகவே நல்ல யோசனைதான். ஆனால் அதற்காக யோசித்தது அல்ல.

இன்னொரு வசதியும் இருந்தது. ஒவ்வொரு தாளின் அடியிலும் குடும்பத் தலைவர் கையெழுத்து வேண்டும் என்பது அலுவலக விதி. அப்பாவின் தாளில் அவரே போட்டுக்கொள்வார். அம்மாவின் தாளிலும் அவர்தான் போட வேண்டும். படிக்காமல் போடுகிற ஆள் இல்லை.

ஒரு புதன்கிழமை, மத்தியானச் சாப்பாடு முடிந்த நேரம். அப்பா நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அம்மா தரையில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, தேவைக்குக் கொஞ்சம் அதிகமான சத்தத்தில் கேள்வியை வாசித்தேன்.

அம்மா கீரையைப் பார்த்தபடியே, "ஆலங்குளம்" என்றாள்.

பேப்பர் அசையவில்லை.

காரணங்களை வாசித்தேன். ஒன்று, பேருந்து வசதி இல்லை. இரண்டு, உடல்நிலை. மூன்று, கூட்டிச் செல்ல ஆள் இல்லை. நான்கு, வீட்டில் அனுமதி இல்லை. ஐந்து, பிற. நான்கை இழுத்து வாசித்தேன்.

"மூணு போடு."

"நல்லா யோசிச்சுச் சொல்லும்மா. நாலுன்னு ஒண்ணு இருக்கு."

"காது கேக்குது. மூணுன்னு சொல்லுதேம்லா."

எழுதினேன். எழுந்து போய்த் தாளை அப்பாவிடம் நீட்டினேன். அப்பா பேப்பரை மடித்து வைத்தார், கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார், தலைப்பிலிருந்து ஒரு வரி விடாமல் படித்தார். கடைசிக் கேள்வியில் அவர் விரல் நின்றது. குக்கரில் மிச்சமிருந்த ஆவி அடங்கியது. அம்மா ஆய்ந்த கீரையையே மறுபடி ஆய்ந்துகொண்டிருந்தாள்.

பிறகு பேனாவைத் திறந்து, மூன்று என்ற எண்ணின் மேல் ஒரே ஒரு கோடு போட்டார். ஸ்டேஷனில் பிழையான பதிவை அழிக்கவோ கிறுக்கவோ கூடாதாம். அடியில் இருப்பது தெரிகிற மாதிரி ஒற்றைக் கோடு இழுத்துப் பக்கத்தில் சுருக்கொப்பம் இட வேண்டும். இட்டார். அடியில் கையெழுத்தும் போட்டுத் தாளை என்னிடம் கொடுத்தார்.

"திருத்தியிருக்கேன்" என்றார். பிறகு சுவரைப் பார்த்து, "வெள்ளிக்கெழம ஒம்பது நாப்பதுக்கு எறங்கணும். லேட்டானா உக்கார எடம் கெடைக்காது" என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆய்வாளர் பதில் தருபவர் முன்னால் எந்த உணர்ச்சியும் காட்டக் கூடாது என்று மாணவிகளுக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான். தாளை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு நின்றேன்.

எங்கே என்றும் அம்மா கேட்கவில்லை, எதற்கு என்றும் கேட்கவில்லை. முறத்தைத் தள்ளி வைத்துவிட்டுக் கையைச் சேலையில் துடைத்தாள்.

"பல்லு மொளச்சிட்டா?" என்றாள்.

"கீழ ரெண்டு" என்றார் அப்பா. "மேல ஒண்ணு வெள்ளையாத் தெரியுது."