இருமல் இல்லாத பாட்டு

எனக்கு எழுபத்தாறு வயது. நான்கு பிள்ளைகளைப் பெற்று வளர்த்தேன். மூன்றாம் வகுப்போடு நின்றவள், எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன். ஆனாலும் என் கதையை இன்னொருவர் கையில் கொடுக்க மாட்டேன். இங்கே செம்பாக்கம் ஏரிக்கரையில் காலையில் நடக்கிறவர்கள் தனியாகப் பேசிச் சிரித்துக்கொண்டு போவார்கள். இலங்கையில் மன்னாரிலிருந்து மூத்த மகளோடு வந்த புதிதில் பயந்தேன். காதுக்குள் போன் பேசுகிறது என்று பிறகுதான் தெரிந்தது. அந்தப் போன் என் விரலை மதிப்பதில்லை. எத்தனை தரம் தொட்டாலும் கண்ணாடி சும்மா கிடக்கும். தப்பித்தவறி பாடினாலும், நடுவில் ஒருவன் வீட்டுமனை விற்க வந்துவிடுவான்.

என்னிடம் தீப்பெட்டி அளவில் ஒரு பாட்டுப்பெட்டி இருந்தது. பட்டனை அழுத்தினால் பதியும், பாடும், வேறு வேலை அதற்குத் தெரியாது. ஊரில் இருந்தபோது என் இளையவள் ராணி அதில் தன் பாட்டைப் பதிந்தாள். பக்கத்தில் பாயில் படுத்திருந்த என் வீட்டுக்காரர் பாட்டு முழுக்க இருமினார். பதிந்து முடித்ததும் அவள் சினந்தாள். "நான் தாளமெல்லோ போட்டனான்" என்றார் அவர். அந்த மாதமே போய்விட்டார். அவருக்குப் படம் இருக்கிறது. சத்தம் என்று மிஞ்சியது அந்த இருமல் ஒன்றுதான். ராணி லண்டனிலிருந்து தினமும் பேசுகிறாள், அவள் குரலுக்காக நான் அதைக் கேட்கவில்லை. இதை வீட்டில் யாருக்கும் சொன்னதில்லை.

போன மாதம் பெட்டியின் பாட்டரி உப்பிவிட்டது. பேத்தி கயல் தாம்பரம் மார்க்கெட்டில் ஒரு போன் கடைக்குக் கூட்டிப்போனாள்.

"இன்னா பாட்டிமா, இத்த வெச்சிகினு கீறீங்க? போன்ல ஏத்திக் குடுத்துடறேன், நாளைக்கு வாங்க" என்றார் கடைக்காரர்.

மறுநாள் கயலோடு போனேன். காதில் மாட்டிவிட்டார். ராணி மட்டும் பாடினாள்.

"எப்டி கீது? யாரோ இருமிகினே இருந்தாங்க பாட்டிமா, பேஜாரா இருந்திச்சி. அல்லாத்தையும் தூக்கிட்டேன். இதுக்குத் தனியா காசு வேணாம்."

"தம்பி, அந்த இருமலைத் திருப்பிப் போடுங்கோ."

அவர் சிரித்தார். "கலாய்க்கிறீங்களா பாட்டிமா?"

"பழைய பெட்டி எங்கே?"

"அது வெடிச்சிடும்னு காலைலயே குப்பை வண்டில போட்டுட்டனே. கம்ப்யூட்டர்ல இருந்ததயும் அழிச்சிட்டேன்."

கயல் என் முகத்தைப் பார்த்தாள். என் புருஷனைப் பற்றி ஒரு கடை வாசலில் நின்று சொல்லி அழ எனக்கு மனம் வரவில்லை. நல்லது தம்பி என்று சொல்லி வந்துவிட்டேன். அந்த மனிதர் நல்லதைத்தான் செய்தார். அதனால் அவரைத் திட்டவும் முடியவில்லை.

இப்போது போனில் என் மகள் குரல் கண்ணாடிபோல் கேட்கிறது. ஆளில்லாத வீட்டில் நின்று பாடுவதுபோல் இருக்கிறது. ஊரில் அவருடைய கல்லறை இருக்கிறது, அதற்குப் பக்கத்தில் நான் இல்லை. நான் இருக்கிற இந்த ஊரில் அவர் இருமினார் என்பதற்கே சாட்சி இல்லை. ஊரில் இதை வாசிக்கிறவர்களே, எங்கள் வீட்டு ஒழுங்கையில் நடந்து போகும்போது அவர் இருமலைக் கேட்டவர்கள் யாராவது உயிரோடு இருந்தால் எனக்குச் சொல்லி அனுப்புங்கள்.

கயல், இங்கே வா. இதைச் சத்தமாக வாசி, பார்ப்போம். உன் ஊர்ப் பேச்சுக்கு மாற்றாதே. எழுத்துக் கூட்டும்போது நான் தடக்கின இடத்தில் நீயும் தடக்கு.