ஐந்தாவது பாட்டுக்கு அர்த்தம்

கோயம்புத்தூரிலிருந்து இரவு பஸ்ஸில் வந்து, காலை ஏழரை மணிக்கு மதுரை மாட்டுத்தாவணியில் அருப்புக்கோட்டை பஸ் ஏறினேன். ஐம்பது கிலோமீட்டர். எம்.ரெட்டியபட்டியில் உரக்கடை வைத்திருந்த என் நண்பன் செல்வத்தின் மனைவி தனலட்சுமி போனில் கூப்பிட்டிருந்தார். "ஒரு இங்கிலீசுப் பாட்டுக்கு அர்த்தம் சொல்லணும்ணே. நேர்ல வாங்க" என்றார். செல்வம் இறந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. பந்தல்குடி பக்கம், தூத்துக்குடி ரோட்டில், பைக்கோடு லாரியில் மோதிவிட்டான்.

கல்லூரி விடுதியில் ஒரே அறையில் இருந்த காலத்தில் எங்கள் இருவருக்கும் பிடித்த பித்து ஹெவி மெட்டல் இசை. அதிலும் ஒரு பாடகர். இப்போது அவருக்கு எழுபது வயதுக்கு மேல். இந்த வருடம் அவருடைய புது ஆல்பம் வந்ததும் செல்வம் கடையிலிருந்தே போன் செய்தான். "ஏலே, கெழவன் என்னமாப் பாடிருக்கான், கேட்டியா? தொண்டையா அது!"

மிகையில்லை. கனத்த கிட்டார்களும் டிரம்ஸும் இடித்துக்கொண்டு வர, அந்தக் குரல் அவற்றின் மேலே மெட்டைச் சிந்தாமல் தூக்கிக்கொண்டு போகிறது. இளமையில் கத்திய இடங்களில் இப்போது நிதானமாக ஏறுகிறார். ஏறியபின் இறங்க மறுக்கிறார். பஸ்ஸில் முழுதும் மறுபடி கேட்டேன். துக்கத்திலும் நன்றாக இருந்தது. அதுதான் கஷ்டமாக இருந்தது.

ஒன்பது மணிக்கு அருப்புக்கோட்டை. அங்கிருந்து ஷேர் ஆட்டோ, நாற்பது ரூபாய். இருபுறமும் வெடித்த கரிசல், சீமைக்கருவேலம், தூரத்தில் கரிமூட்டத்தின் புகை. பருத்தி முழங்காலுக்கு மேல் வளரவில்லை. உரக்கடை செல்வம் வீடு என்றதும் டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"அந்தப் பேய்ப்பாட்டு கேக்குறவரா? அதக் கேட்டு மனசு கெட்டுத்தான் தானாப் போயி லாரியில விழுந்துட்டாருன்னு ஊருக்குள்ள பேசிக்கிறாக."



தனலட்சுமி டீ கொடுத்துவிட்டுச் செல்வத்தின் போனை எடுத்து வந்தார். விபத்தில் இயர்போன் பிடுங்கிக்கொண்டதும் பாட்டு நின்ற இடம் அப்படியே திரையில் இருந்தது. ஐந்தாவது பாட்டு, பாதிக்கு மேல். சார்ஜ் மட்டும் போட்டுவந்திருக்கிறார், வேறெதையும் தொடவில்லை.

"அன்னைக்குக் காலையில எனக்கும் அவுகளுக்கும் சண்டைண்ணே. சாப்பிடாமக் கெளம்பிட்டாக. இதுல என்ன சொல்லுது? மறைக்காமச் சொல்லுங்க."

எது மட்டும் இருக்கக் கூடாது என்று வழியெல்லாம் நினைத்து வந்தேனோ அதே பாட்டு. சொன்னேன். வயதான போர்வீரன் ஒருவன் இடிந்த கோட்டைக்குத் திரும்புகிறான். வரவேற்க யாருமில்லை. வாசலில் உட்கார்ந்து, சண்டை போட்டது போதும், இனித் தூங்க வேண்டும் என்கிறான்.

"போதும்னா சொல்லுறாரு?" தனலட்சுமி சுவரில் சாய்ந்துகொண்டார்.

பாட்டு நின்ற நிமிடத்தை அப்போதுதான் கவனித்தேன். "இந்த எடத்துல வார்த்தையே இல்ல தனம். ரெண்டு கிட்டார் மட்டும் வாசிக்கும். செல்வத்துக்கு இதுன்னா உசுரு."

"இப்பிடிக் கையில வாசிப்பாகளே, அதுவா?" இடது கையை உயர்த்திக் காற்றில் விரல்களை ஓட்டிக் காட்டினார்.

"அதேதான்."

"சோத்துத் தட்டுக்கு முன்னாடியும் வாசிப்பாக. பைக்குல கைய விட்டுட்டும் வாசிப்பாக. பின்னாடி இருந்து முதுகுல அடிப்பேன்." சிரித்தார். சிரிப்பு பாதியில் உடைந்தது. "கைய விட்டுருக்காக. பாவி மனுசன், கைய விட்டுருக்காக!" கோபத்தோடு அழுதார். வெகுநேரம் கழித்து, "அப்ப எம்மேல கோவத்துல போகல" என்றார்.

என்ன நடந்தது என்று யாருக்கும் தெரியாது. அதைச் சொல்ல வாயெடுத்தவன் நிறுத்திக்கொண்டேன்.

"மிச்சத்தையும் போடுங்கண்ணே."

போனை இருவருக்கும் நடுவே வைத்தேன். கிட்டார்கள் ஓய்ந்து குரல் திரும்ப வந்தது.

"இப்ப என்ன சொல்லுறாரு?"

"தூங்கப் போறேன்னு."

"தூங்கட்டும்" என்றார்.

மாலை பஸ்ஸில் கோயம்புத்தூருக்குக் கிளம்பினேன். நான் குடியிருக்கும் அந்த ஊரில் கிட்டார் சொல்லித்தரும் இடங்கள் தெருவுக்குத் தெரு உண்டு, கச்சேரிகளும் உண்டு. ஒரு பாட்டைக் கேட்ட சூட்டோடு கூப்பிட்டுக் கத்துவதற்கு எனக்கென்று இருந்த ஒரே ஆள் ரெட்டியபட்டியில் உரம் விற்றுக்கொண்டிருந்தான்.